ஒத்திகைப் புகை

...வாளியில் சாக்கைப் போட்டுப் பற்றவைத்தது அவர்தான், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை, விரலில் இன்னும் தீக்குச்சி வாசனை இருக்கிறதா என்று மூன்றாவது நாளாக முகர்ந்து பார்க்கிறார், வருவதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் கையிலும் பீய்ச்சுகிறார்களே அந்த மருந்து வாசனைதான்... ஈரச்சாக்கு என்றால் தீ பிடிக்காது, புகைதான் வரும், அதுவும் வெள்ளையாக, பார்க்க அழகாக, மாடிப்படி வளைவு வரைக்கும் போய் மரியாதையாக நின்றுவிடும் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டிருந்தார். புவியியல் வாத்தியார். காற்று எந்தப் பக்கம் வீசும், ஏன் வீசும் என்று இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவர். தன் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில் காற்று எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. புகை மேலே போகவில்லை. பக்கத்தில் விளையாட்டுச் சாமான் அறையின் கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தது, அதற்குள் நுழைந்துகொண்டது. உள்ளே கிழிந்த பாய்கள், காற்றுப் போன பந்துகள், உடைந்த தாண்டு கட்டை, அவற்றுக்கு நடுவே ஆறாம் வகுப்பு பி பிரிவுப் பெண் ஒருத்தி. வெளியே மைதானத்தில் எழுநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்க, அவர் ஸ்டாப்வாட்சைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து "மூணு நிமிஷம் இருபத்தஞ்சு செகண்டு!" என்று கத்தினார், எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார், ஸ்டாப்வாட்ச் கையில் இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தரம் தட்டினார்.

அந்த இரண்டாவது கைதட்டலைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. மற்றதற்கெல்லாம் ஏதாவது ஒரு சமாதானம் இருக்கிறது. புகை எதற்கு? பிள்ளைகள் தீ விபத்து ஒத்திகை என்றால் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள், ஒருத்தன் பாதி பிஸ்கட்டோடு வந்தான், ஒருத்தி தலை வாரிக்கொண்டே வந்தாள், கொஞ்சம் புகையைக் கண்ணில் காட்டினால் பயம் வரும், பயம் வந்தால் ஒழுங்கு வரும். தலைமையாசிரியையிடம் வாய்வார்த்தையாகக் கேட்டும் இருந்தார், "கொஞ்சம் புகை போடலாமா மேடம்?", அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே "பாத்துப் பண்ணுங்க சார்" என்றார், இன்றைக்கு அதே வாய், "நீங்க புகைன்னீங்க சார், நான் ஏதோ ஸ்ப்ரே மாதிரின்னு நினைச்சேன்" என்கிறது. சரி, அவரைச் சொல்லி என்ன. பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் என்ற பதவி இவருக்கு வந்ததே ஆசிரியர் கூட்டத்தின் நடுவில் ஒரு போன் வந்தது என்று வெளியே போனதால்தான், திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள், அந்த அன்பைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவர் சைரன் சார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, எதற்குப் பொய், ஒரு மனிதன் ஐம்பது வயதில் ஏதோ ஒன்றில் பிரபலமாவது சின்ன விஷயமா.

"டீ குடிக்கிறீங்களா சார்?"

பக்கத்து நாற்காலியில் பெண்ணின் அப்பா. டயர் கடைக்காரர். நகக்கண்ணில் கறுப்பு, எத்தனை முறை கழுவினாலும் போகாத கறுப்பு, அந்தக் கையில் இரண்டு காகிதக் கோப்பைகள். வேண்டாம் என்று சொல்லலாம் என்று நினைப்பதற்குள் இவர் கை நீண்டு வாங்கிக்கொண்டது, இந்தக் கைக்கு ரோஷம் என்பதே கிடையாது. மூன்று நாளாக இப்படித்தான். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் இரண்டு நாள், இன்று காலையில் பெண்ணை மூன்றாவது மாடி வார்டுக்கு மாற்றினார்கள், இப்போது இந்த நடைபாதை, இந்த இரும்பு நாற்காலிகள், நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பார்வையாளர் நேரம், ஒரு நோயாளிக்கு ஒரே அட்டை, அட்டை உள்ளவர்தான் உள்ளே போகலாம். அட்டையோடு அம்மா உள்ளே இருக்கிறாள். அந்த அம்மா மூன்று நாளில் இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுகூடப் பரவாயில்லை, இந்த மனிதர்தான் "நீங்க தினம் வர்றீங்க சார், வேற யாரு வந்தா சொல்லுங்க" என்று டீ வாங்கிக் கொடுக்கிறார். ஒரு அறை அறைந்தால் என்ன. சட்டையைப் பிடித்தால் என்ன. சட்டைப் பையில் வேறு அந்தத் தாள் இருக்கிறது, பிடித்தால் அதுவும் கசங்கும், கசங்கினால் நல்லது.

அந்தத் தாள்... தலைமையாசிரியை தட்டச்சு செய்து கொடுத்தது, நாளைக் காலை விசாரணைக்கு, கீழே இவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. "மேற்படி மாணவி, ஆசிரியர்களின் அறிவுரையை மீறி, விளையாட்டு மனப்பான்மையுடன் அனுமதியற்ற அறைக்குள் சென்று மறைந்துகொண்டதே சம்பவத்துக்குக் காரணமாகும்." பத்துப் பதிமூன்று வார்த்தையில் ஒரு பதினொரு வயதுப் பெண்ணைக் குற்றவாளியாக்க முடிகிறது என்றால் மொழிக்குத்தான் என்ன வலிமை. "ஒரு கையெழுத்துதானே சார், பள்ளிக்கூடத்துக்காக, உங்களுக்காகவும்தான், அந்தப் பிள்ளைக்கு இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல." ஒன்றும் ஆகப்போவதில்லையாம். இவர் கையெழுத்துப் போடவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார், இதுதான் இவர், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு "காபி நல்லா இருந்துச்சு" என்றவர். ஒருவேளை அது உண்மையாக இருந்தால்? அவள் விளையாட்டாகவே போய் ஒளிந்திருந்தால்? பிள்ளைகள் ஒளிவார்கள்தானே... அப்படி மட்டும் இருந்துவிட்டால் பாரத்தில் பாதி இறங்கும். இறங்க வேண்டும் என்று மனசு எப்படி ஆசைப்படுகிறது பாருங்கள், வாயில் குழாயோடு கிடந்த பிள்ளைமேல் பாரத்தை ஏற்றிவிட்டு இவர் இலேசாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமாம்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். "பார்க்கலாம்னார் சார்." நேற்றும் பார்க்கலாம்தான். இவரே காலையில் டாக்டரை மடக்கி, சரியாயிடுமா டாக்டர், ஆமா இல்ல, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க என்றார், அவர் "இப்போதைக்கு ஸ்டேபிள், ஏற்கனவே இழுப்பு இருக்கிற குழந்தை பாருங்க, நுரையீரல் எவ்வளவு தேறும்னு போகப்போகத்தான்" என்று போய்க்கொண்டே சொன்னார். போகப்போக என்று சொல்லிக்கொண்டே போனவர் போயே போய்விட்டார். இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் நேரான பதில் கிடையாது. நர்ஸைக் கேட்டால் டாக்டரை, டாக்டரைக் கேட்டால் ரிப்போர்ட்டை, வீட்டில் மனைவியைக் கேட்டால், நேற்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து "என் தப்புதானே?" என்று கேட்டார், அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே "முதல்ல சாப்பிடுங்க" என்றாள். இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவளுக்கே ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் அது ஆமாம்தான்.

பிள்ளையைக் கண்டுபிடித்தது பள்ளி ஆயா. எல்லாம் முடிந்து, வகுப்புகள் உள்ளே போய், வாளியில் தண்ணீர் ஊற்றி அணைத்து, ஏறக்குறைய இருபது நிமிஷம் கழித்து, விளக்குமாற்றை வைக்கக் கதவைத் திறந்தவள் அலறினாள். இவர் ஓடினார். ஆயா அவளைப் பாயோடு வெளியே இழுத்துப் போட்டிருந்தாள், உதடு ஒரு மாதிரி நீலமாக, முகமெல்லாம் கரி... அப்போது இவர் என்ன செய்தார் என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சிரித்தார். முன்பு ஒரு ஒத்திகையில் நாலு பிள்ளைகளை மயங்கி விழுந்த மாதிரி நடிக்கச் சொல்லியிருந்தார், இதுவும் யாரோ ஏற்பாடு செய்த நடிப்பு என்று நினைத்து, "எழுந்திரு எழுந்திரு, பயிற்சி முடிஞ்சாச்சு, பிரமாதமா நடிக்கிறியே" என்றார். ஆயாதான் "யோவ்!" என்றாள். பதினெட்டு வருஷமாக அவரை ஐயா என்று கூப்பிட்டவள். அந்த யோவில்தான் அவருக்குச் சுரணை வந்தது. எத்தனை விநாடி சிரித்தார்? ஐந்தா, பத்தா? ஸ்டாப்வாட்ச் கழுத்தில்தான் தொங்கியது, அப்போது அதை யாரும் அழுத்தவில்லை.

அப்புறம் நடந்தது... ஒத்திகையில் இல்லாததெல்லாம் நடந்தது. முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு, சாவி வைத்திருந்த குமாஸ்தா விடுப்பு. ஆம்புலன்ஸ் எண் எழுதிய பலகையின்மேல் ஒத்திகையில் சீக்கிரம் இறங்கி வேகக் கேடயம் வென்ற வகுப்புகளின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள், ஒட்டியது யார், இவர்தான், பசை நன்றாகப் பிடித்திருந்தது, நகத்தால் சுரண்டினால் கிழிந்து கிழிந்து வந்தது. ஸ்ட்ரெச்சர் மேடையின் பின்னால் நாடகத் திரைகளுக்கு அடியில். வாசல் கேட் பூட்டியிருந்தது, ஒத்திகையின்போது பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாது என்று பொறுப்பாகப் பூட்டியவரும் இவர்தான், சாவியை எல்லாப் பையிலும் தேடிவிட்டுக் கடைசியில் பார்த்தால் கையிலேயே இருந்தது. எழுநூறு பேரை மூன்றரை நிமிஷத்துக்குள் வெளியேற்றிய பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையைக் கேட்டைத் தாண்டவைக்கப் பதினோரு நிமிஷம் ஆனது.

ஆனால் அதெல்லாம்கூட அப்புறம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது, அவள் இல்லை என்பது எப்படி ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று? தெரியாமல் போகும்படிதான் இவர் ஏற்பாடு செய்திருந்தார். மைதானத்துக்கு வந்ததும் ஒவ்வொரு வகுப்புத் தலைவியும் தலைகளை எண்ணி, அட்டையில் எண்ணை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும், அட்டை உயர்ந்த கணம்தான் அந்த வகுப்பின் நேரம், எல்லா அட்டையும் உயர்ந்தால்தான் ஸ்டாப்வாட்ச் நிற்கும், இதுதான் விதி. எண்ணுவதற்கு நாற்பது விநாடி ஆகிறது. கேடயம் என்று ஒன்றை இவர் கொண்டுவந்த பிறகு, பிள்ளைகள் காலை வருகைப் பதிவைப் பார்த்து வகுப்பிலேயே எண்ணை எழுதி எடுத்துவந்துவிட்டார்கள், மைதானத்துக்கு வந்ததும் தூக்க வேண்டியதுதான் பாக்கி. இவர் பார்த்தார். பார்த்துவிட்டு, கெட்டிக்காரப் பசங்க என்றார். அன்றைக்கும் ஆறு பி முப்பத்தெட்டு என்று தூக்கியது. காலையில் முப்பத்தெட்டு, மாலையிலும் முப்பத்தெட்டு, காகிதத்தில் ஒரு குழந்தையும் குறையவில்லை.

"சார்," டயர் கடைக்காரர் கோப்பையைக் கசக்காமல், அழகாக மடித்துக்கொண்டிருந்தார், "அந்த வாளிய யாரு சார் வெச்சது? பள்ளிக்கூடத்துல கேட்டா விசாரணை நடக்குதுங்கிறாங்க."

விசாரணை நடக்குது என்றுதான் இவர் வாயிலும் வந்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, எத்தனை வசதியான வார்த்தை, அதற்குள் எல்லோருமே ஒண்டிக்கொள்ளலாம்... "நான்தாங்க," என்றார். "நான்தான் வெச்சேன். நான்தான் பத்தவெச்சேன்."

டயர் கடைக்காரர் மடித்த கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்தார். எழுந்தார். நடைபாதைக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போய்க் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார், தண்ணீர் விழும் சத்தத்தை இவர் எண்ணிக்கொண்டிருந்தார், எதை எண்ணுவது என்றே தெரியாமல். திரும்பி வந்தவர் பழைய நாற்காலியில் உட்காரவில்லை, ஒரு நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தார். அந்தக் காலி நாற்காலியை இவர் பார்த்தார். அறைந்திருக்கலாம், சும்மா அறைந்தே இருக்கலாம். வார்டு வாசலில் காவல்காரர் யாரையோ "ஒருத்தர்தான்னு எத்தனை வாட்டி சொல்றது, காதுல பஞ்சா?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து பாத்திரம் விழுந்த சத்தம். ஒரு குழந்தை இருமியது, இவளா, வேறு யாராவதா, இருமலில் அடையாளம் தெரியுமா என்ன... தெரியும். இவருக்கு அவள் இருமல் தெரியும். முதல் ஒத்திகையில் கடைசியாக இறங்கி வந்தவள் அவள்தான், படியில் நின்று நின்று, மார்பில் கை வைத்து, இருமிக்கொண்டு. அவளால் ஆறு பி ஐந்து நிமிஷம் இருபது விநாடி, பள்ளியிலேயே கடைசி. மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி முன்னால் இவர் சொன்னார், "ஆறு பி-யில எல்லா ரயிலும் நேரத்துக்கு வந்துடுச்சு, ஒரு கூட்ஸ் வண்டி மட்டும் லேட்டு, அதுக்காக கேட்டைத் திறக்காம காத்துக்கிட்டு இருந்தோம்." எழுநூறு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்தாள்தானே? சிரித்தாள் என்றுதான் ஞாபகம், ஆனால் அந்த ஞாபகம் இவருக்கு வேண்டியபடிதானே இருக்கும். அதற்கப்புறம் அவளுக்குப் பெயரே கூட்ஸ் என்று ஆகிவிட்டதாம். இரண்டாவது ஒத்திகையில் ஆறு பி மூன்று நிமிஷம் நாற்பதுக்கு வந்து கேடயத்தைத் தட்டிக்கொண்டு போனது, பதிவேட்டில் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதினார், ஒரு சின்னக் கேலி எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள் என்று ஆசிரியர் அறையில் பெருமையாகவும் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றார் டயர் கடைக்காரர். இந்தத் தடவை சார் இல்லை. "அவ ஏன் அந்த ரூமுக்குள்ள போனா?"

"தெரியலைங்க."

"எங்ககிட்டயும் சொல்ல மாட்டேங்கிறா. அவங்கம்மா கேட்டா சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிறா. புகையப் பாத்து பயந்து ஓடி ஒளிஞ்சாளா, யாராவது தள்ளிவிட்டாங்களா..." அவர் நகக்கண்ணைச் சுரண்டினார். "நீங்க போய்க் கேளுங்க. உங்ககிட்ட சொன்னாலும் சொல்லுவா. வீட்டுல எப்பவும் உங்க பேச்சுதான், சைரன் சார் இப்படிச் சொன்னாரு, சைரன் சார் அப்படிச் சிரிக்கவெச்சாருன்னு."

கதவுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி, அட்டையை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அந்த அம்மா வெளியே வந்து, இவரைத் தாண்டும்போது நின்று, முகத்தைப் பார்த்தாள், முதல் முறையாக, "மூச்சு வாங்கும், ரொம்பப் பேசவெக்காதீங்க" என்றாள்.

உள்ளே பன்னிரண்டு கட்டில். இவர் வழக்கம்போல எண்ணினார். ஜன்னல் ஓரம் நான்காவது. அவள் இவ்வளவு சின்னவளா? வரிசையில் நிற்கும்போது முப்பத்தெட்டில் ஒன்றாக இருந்தவள், கட்டிலில் பாதிகூட நிரம்பவில்லை. மூக்கில் குழாய், கண்ணோரத்தில் இன்னும் ஒரு சிவப்பு. இவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள், வாத்தியார் வந்தால் எழுந்திருக்க வேண்டும், அது அவளுக்குள் அவ்வளவு ஆழமாக இருக்கிறது, "படு படு" என்று பதறினார். ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று வாய் தானாகத் தேடியது, இருபத்திரண்டு வருஷப் பழக்கம், பிள்ளை முகம் வாடியிருந்தால் ஒரு சொல்லைத் தூக்கிப் போட்டுச் சிரிக்கவைத்துவிடுவார், இப்போதும் இரண்டு மூன்று வந்து நின்றன, ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அதன் ஒரு கால் குட்டை, ஆடியது.

"கண்ணு, அந்தப் புகைய வெச்சது நான்தான்."

"தெரியும் சார்." குரல் தேய்ந்த பலகையில் சுண்ணாம்புக்கட்டி எழுதுகிற மாதிரி இருந்தது. "கதவு இடுக்குல பாத்தேன். நீங்க உக்காந்து ஊதிட்டு இருந்தீங்க."

ஊதிக்கொண்டிருந்தது மணி அடிப்பதற்கு முன்னால். அப்படியென்றால் புகை வந்து, பயந்து, ஓடி ஒளியவில்லை, யாரும் தள்ளவும் இல்லை, மணிக்கு முன்னாலேயே அவள் உள்ளே... திடீர் ஒத்திகை என்று பெயர், ஆனால் எந்த நாள் எந்தப் பீரியட் என்பது வகுப்புத் தலைவிகளுக்கு எப்படியோ தெரிந்துவிடும், தெரியட்டும் என்று இவரும் விட்டுவிடுவார், நேரம் நன்றாக வரும்... தாள் பையில் உறுத்தியது. அனுமதியற்ற அறை. விளையாட்டு மனப்பான்மை. அட, அதுதானோ? அதுவாகவே இருந்துவிடுமோ? அந்த ஒரு நொடியில்கூட மனசின் மூலையில் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விடப் பார்த்தது, அதன் கழுத்தை நெரித்தால் தேவலை போலிருந்தது.

"ஏம்மா உள்ள போனே? திட்ட மாட்டேன். யாருகிட்டயும் சொல்லணும்னும் இல்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி, பயமில்லாமல், குறை சொல்லாமல், இடையில் இரண்டு முறை மூச்சுக்கு நின்று சொன்னாள்.

"நான் இறங்கி வந்தா லேட்டாயிடும்ல சார், கிளாஸ் தோத்துடும். அதான் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே போய் உக்காந்துக்குவேன், எல்லாரும் திரும்பி வரும்போது வரிசைல சேந்துக்குவேன். போன தடவை நாங்க ஜெயிச்சப்பவும் அங்கதான் சார் இருந்தேன். அப்ப புகை இல்லல்ல... அதான் யாருக்கும் தெரியல."